சேதம் தெளிவாக இல்லை

நகராட்சி கொடுத்த போன் இது,
சாக்கடை மூடிகளை மட்டும் எடுக்க.
விதி: நேர் மேலிருந்து, நிழல் விழாமல்,
அளவுக்கு ஓரமாய் என் பூட்ஸ் நுனி.
ஒரு நாளைக்கு நாற்பது.
டர்பனில் பாதியை நான்
தலை குனிந்தே பார்த்து முடித்தேன்.

முதல் மாதம் எல்லாம் வட்டம்.
அப்புறம்தான்
ஒரு வட்டம் இன்னொன்றைப்போல் இல்லை.

விக்டோரியா தெரு மார்க்கெட் வாசலில் ஒன்று:
வார்ப்பு எழுத்துகளை லாரிச் சக்கரங்கள்
தேய்த்துத் தேய்த்து
வாய் பிளந்த ஒரே ஓர் எழுத்தை விட்டுவைத்திருந்தன.
அதன்மேல் யாரோ மஞ்சள்தூள் சிந்தியிருந்தார்.
தூறல் போட்டு ஐந்து நிமிஷம்.
கட்டம் கட்டமாய் மஞ்சள் குளங்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு சிக்னல் விளக்கு.
சிவப்பு.
காத்திருந்தேன்.
பச்சை.
இரண்டையும் எடுத்தேன்.
பின்னால் ஒரு டாக்ஸிக்காரன்
ஹார்னாலேயே என் பிறப்பை விசாரித்தான்.

கோலம் என்று சொல்ல நாக்கு எழுகிறது.
சொல்லமாட்டேன்.
கோலத்தை ஒருத்தி நினைத்துப் போடுகிறாள்.
இதை யாரும் நினைக்கவில்லை.
கால் வழுக்காமலிருக்க
எங்கோ ஒரு பட்டறையில் அச்சில் இட்ட கீறல்,
அதற்கப்புறம் மழை, டயர், எச்சில், வெயில்.

தோகோஸானி, கடப்பாரையும் கொக்கியும் அவனுடையவை,
"சிஸி, கீழே என்ன ஓடுகிறது தெரியுமில்லையா?" என்பான்.
தெரியும்.
மூக்கு எனக்கும் இருக்கிறது.
போனுக்குத்தான் இல்லை.

அலுவலகத்தில் மிஸஸ் கவுண்டன்
படங்களைத் திருப்பி அனுப்புவார்.
கோணல். நிழல். பூட்ஸ் எங்கே?
ஒருமுறை, ஜக்கரண்டாப் பூ அடைத்த கம்பிச் சல்லடைக்கு,
'சேதம் தெளிவாக இல்லை' என்று எழுதினார்.
இடுக்குக்கு இடுக்கு ஊதா,
ஒரு கம்பிகூட விட்டுப்போகாமல்.
அவ்வளவு நேர்த்தி.
அன்றிரவு மழையில்
தெருவில் முழங்காலளவு தண்ணீர்.
ஒரு செருப்புக் கடைக்குள் சரக்கெல்லாம் மிதந்தது.
மறுநாள் அந்தப் பூவை என் கையாலேயே வாரினேன்.
படத்தை அழிக்கவில்லை.
அதைப் பற்றி யாரிடமும் பேசியதுமில்லை.

குளிர் தொடங்கியதும் மூடிகள் காணாமல் போயின.
இரும்பு, கிலோக் கணக்கில்.
சாட்ஸ்வர்த்தில் ஒரே சரிவில் ஒன்பது குழிகள்.
ஒன்றில் யாரோ மாங்கிளை நட்டிருந்தார்,
ஒன்றில் கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி.
பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்ததில்
ஒன்றுமே இல்லை.
குனிந்தேன்.
ஆழத்தில் அசையாத தண்ணீர்,
அதில் வட்டமாய் வெட்டி வைத்த வானம்,
நடுவே ஒரு கரிய பொட்டு:
என் தலை.
எடுத்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.
கேட் திறந்தது.
போனைப் பையில் போட்டுக் கைகளை விரித்து நின்றேன்.
பிள்ளைகள் என் இரு பக்கமும் பிரிந்து ஓடினார்கள்.
ஒருவன் மட்டும் நின்று எட்டிப் பார்த்தான்,
"ஆன்ட்டி, உள்ளே வானம்."
போடா, என்று விரட்டினேன்.
அந்த இருபது நிமிஷம்
நான்தான் மூடி.

இப்போது வருவதெல்லாம் கான்கிரீட்.
திருட ஆளில்லை.
எழுத்தில்லை, கட்டமில்லை,
பொரிக்காத சாம்பல் அப்பளம்.

நேற்று ஒன்றை அங்கேயே வார்த்தோம்.
ஈரம் காயுமுன் ஒரு ஹடேடா வந்திறங்கி,
ஊரையே திட்டுகிற குரலில் கத்திக்கொண்டு,
குறுக்கே நாலடி நடந்துவிட்டுப் பறந்தது.
தோகோஸானி கரணையை எடுத்தான், தடவிவிட.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பூட்ஸ் நுனியை ஓரத்தில் வைத்தேன்.
அவன் என்னைப் பார்த்தான், அதைப் பார்த்தான்,
கரணையைத் துடைத்து வாளியில் போட்டான்.

மிஸஸ் கவுண்டனுக்கு அனுப்பியிருக்கிறேன்.
நேர் மேலிருந்து,
நிழல் விழாமல்.
இன்னும் பதில் வரவில்லை.